பார்சல் மேல உங்க பேர் இருந்தா இம்போர்ட்டர் நீங்கதான்

மும்பை அந்தேரி ஈஸ்ட்ல சஹார் ஏர் கார்கோ பக்கத்துல ஒரு கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்ல 18 வருஷமா வேலை பாக்குறேன், எங்க லைன்ல இன்னும் சிஎச்ஏ, அதாவது கஸ்டம் ஹவுஸ் ஏஜென்ட்னுதான் சொல்லுவாங்க. என் வேலை பூரா கம்பெனி சரக்குதான். ஆனா வாரத்துக்கு ரெண்டு பேராவது செம்பூர், மாட்டுங்கா, தாராவின்னு நம்ம ஆளுங்க போன் பண்ணி "அண்ணே, சின்ன பார்சல்தான், கஸ்டம்ஸ்ல மாட்டிக்கிச்சு, கொஞ்சம் சொல்லி எடுத்துக் குடுங்களேன்"னு கேப்பாங்க. சொல்லி எடுக்குற விஷயம் இல்ல இது. அதான் எல்லாத்தையும் ஒரு இடத்துல எழுதிடலாம்னு உக்காந்தேன்.

செம்பூர்ல ஒரு மிருதங்க வித்வான், ரெக்கார்டிங்குக்காக ஜெர்மனிலேர்ந்து ஒரு மைக் வாங்கினாரு. விலை அறுபதாயிரத்துக்கு மேல. வித்தவன் இவருக்கு நல்லது பண்றதா நெனச்சு பெட்டி மேல "கிஃப்ட், 25 டாலர்"னு எழுதி அனுப்பிட்டான். நான் போனப்ப கஸ்டம்ஸ் டேபிள் மேல பெட்டிய கட்டர் வச்சு திறந்துட்டாங்க, உள்ள மரப்பெட்டி, அதுக்குள்ள வெல்வெட் துணில மைக், அது கழுத்துல சீரியல் நம்பர். ஆபீசர் தன்னோட போன்ல அந்த மாடல் பேர டைப் பண்ணி, அதே கம்பெனி சைட்ல விலைய எடுத்து எங்கிட்ட திருப்பி காமிச்சாரு. ஒண்ணும் பேச முடியல. வித்வான் பாவம், "நான் ஒண்ணும் எழுதச் சொல்லலையே சார்"ங்கறாரு, உண்மையும் அதான். ஆனா சட்டத்துக்கு முன்னாடி ஜெர்மனிக்காரன் கிடையாது, கொரியர்காரன் கிடையாது, கஸ்டம்ஸ்ல தாக்கல் பண்ற இறக்குமதி பேப்பரான பில் ஆஃப் என்ட்ரில யாரு பேரு இருக்கோ அவங்கதான் இம்போர்ட்டர். கடைசில கார்டு ஸ்டேட்மென்ட், ஒரிஜினல் இன்வாய்ஸ் எல்லாம் குடுத்து, உண்மையான விலைக்கு டியூட்டி, அதுக்கு மேல ஃபைன், பெனால்டின்னு கட்டித்தான் எடுத்தோம்.

இந்த கிஃப்ட் விஷயத்துல நம்ம ஆளுங்க இன்னும் பழைய காலத்துலயே இருக்காங்க. முன்னாடி ஒரு அளவு வரைக்கும் கிஃப்ட்டுக்கு வரி இல்லாம இருந்துச்சு, அத வச்சு வெளிநாட்டு ஆன்லைன் கடைங்க விக்கிற பொருளையே கிஃப்ட்னு போட்டு அனுப்ப ஆரம்பிச்சதால 2019 டிசம்பர்ல டிஜிஎஃப்டி, அதாவது வெளிநாட்டு வர்த்தகத்த கவனிக்கிற மத்திய அரசு ஆபீஸ், அத மூடிட்டாங்க. இப்ப ராக்கிக்கும் உயிர்காக்கும் மருந்துக்கும் மட்டும்தான் அந்த விலக்கு, மத்ததெல்லாம் முழு டியூட்டி கட்டித்தான் வரணும். அதனால வாங்கும்போதே விக்கிறவனுக்கு ஒரு மெசேஜ் போடுங்க, நான் குடுத்த விலைய அப்படியே எழுது, இன்வாய்ஸ வெளிய ஒட்டு, மாடல் பேரு போடு. பார்சல் தொலைஞ்சா கிளெய்மும் பெரும்பாலும் எழுதின விலைக்குத்தான் கிடைக்கும், 25 டாலர்னு எழுதிட்டு அறுபதாயிரம் கேக்க முடியாது.

டியூட்டி எவ்வளவு வரும்னு எல்லாரும் கேக்குறாங்க. ரேட்டு பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும், அதனால வாங்குற அன்னிக்கு பாத்துக்கோங்க. கணக்கு போடுற முறைய மட்டும் சொல்றேன், ஏன்னா அங்கதான் ஏமாந்து போறாங்க. பொருள் 10,000 ரூபா, ஷிப்பிங் 2,000 ரூபான்னு வைங்க. டியூட்டி 10,000 மேல இல்ல, ஷிப்பிங்கும் சேத்து 12,000 மேல, இன்சூரன்ஸும் சேரும், அது சில்லறை, விடுங்க. ஒரு பேச்சுக்கு பேசிக் டியூட்டி 20%ன்னா 2,400. அதுல 10% சோஷியல் வெல்ஃபேர் சர்சார்ஜ், 240. 12,000த்தோட சேத்து ஆச்சு 14,640. இப்ப இந்த மொத்தத்து மேல ஐஜிஎஸ்டி, அதாவது இறக்குமதிக்குப் போடுற ஜிஎஸ்டி, 18%ன்னா 2,635. ஆகமொத்தம் வரி மட்டும் 5,275 ரூபா. பத்தாயிரம் ரூபா பொருளுக்கு பாதிக்கு மேல. டாலர் ரேட்டும் கூகுள்ல பாக்குறது இல்ல, கஸ்டம்ஸ் வெளியிடுற ரேட்டுதான். ஏர்ல வந்தா ஷிப்பிங் சார்ஜ பொருள் விலைல 20%க்கு மேல கணக்குல ஏத்தக்கூடாதுன்னு வேல்யுவேஷன் ரூல்லயே இருக்கு, நெறைய பேருக்கு இது தெரியாது, கனமான சாமான்னா பாத்துக்கோங்க. இது போக கொரியர்காரங்க உங்களுக்காக டியூட்டிய முதல்ல கட்டிட்டு அதுக்கு தனியா ஃபீஸ் போடுவாங்க. போஸ்ட்ல வந்தா பல்லார்ட் பியர்ல இருக்குற விதேஷ் டாக் பவன்ல அசெஸ் பண்ணி, டெலிவரிக்கு வரும்போது போஸ்ட்மேன்தான் டியூட்டிய வாங்குவாரு.

பணம் கட்டினா வந்துடும்னு சொல்ல முடியாத சாமானும் இருக்கு. கோலிவாடால கல்யாண போட்டோ எடுக்குற ஒரு தம்பிக்கு சிங்கப்பூர்லேர்ந்து மச்சான் ட்ரோன் அனுப்பினாரு, ஆசையா. 2022 பிப்ரவரிலேர்ந்து முழு ட்ரோன் இறக்குமதி தடை, ஆராய்ச்சி, ராணுவம், பாதுகாப்பு மாதிரி காரணத்துக்கு தனியா பர்மிஷன் வாங்கினாத்தான் உண்டு. அந்தத் தம்பி எவ்வளவு டியூட்டின்னாலும் கட்டுறேண்ணேன்னு நின்னான், எனக்கே மனசு கேக்கல, ஆனா ஒண்ணும் பண்ண முடியல. இ-சிகரெட் 2019லேர்ந்து மொத்தமா தடை, ஒண்ணே ஒண்ணு சொந்த உபயோகத்துக்குன்னாலும் கிடையாது. விதை வாங்கறவங்க பிளான்ட் குவாரன்டைன் பர்மிட் இல்லாம வாங்காதீங்க, மாடித்தோட்டம் வச்சிருக்குற மாமிங்க இதுல நெறைய மாட்டுறாங்க. சாட்டிலைட் போன் பக்கமே போகாதீங்க. லேப்டாப்புக்கு 2023ல கட்டுப்பாடு வந்தப்ப பயந்துட்டாங்க, ஆனா போஸ்ட்லயோ கொரியர்லயோ ஒண்ணு வரவழைக்கலாம், டியூட்டி மட்டும் கட்டணும்.

மருந்து பத்தி கொஞ்சம் நிறுத்தி சொல்றேன். மாட்டுங்கால ஒரு மாமி, வீட்டுக்காரருக்கு இங்க கிடைக்காத மாத்திரைய அமெரிக்காவுல இருக்குற பொண்ணு வாங்கி அனுப்பிட்டா, பார்சல் நின்னுடுச்சு, மாமி அழுதுட்டாங்க. சொந்த உபயோகத்துக்கு மருந்து வரவழைக்க சட்டத்துலயே வழி இருக்கு. டாக்டர் பிரிஸ்கிரிப்ஷனோட டிரக்ஸ் கன்ட்ரோல் ஆபீஸ்ல ஃபார்ம் 12ஏ போட்டா 12பி பர்மிட் தருவாங்க, அளவு பிரிஸ்கிரிப்ஷன்ல இருக்குறபடி, அவங்க பார்வைல நியாயமானதா இருக்கணும். இத பார்சல் ஏத்துறதுக்கு முன்னாடி வாங்கணும். நாங்க பார்சல் வந்தப்பறம் ஓடினோம், கிடைச்சுது, ஆனா அந்த அலைச்சல் உடம்பு முடியாதவங்க வீட்டுக்கு வரவே கூடாது.

இப்ப போன் கால். "உங்க பார்சல் கஸ்டம்ஸ்ல இருக்கு, உள்ள போதைப்பொருள் இருக்கு"ன்னோ "இந்த அக்கவுன்ட்ல டியூட்டி போடுங்க"ன்னோ வந்தா கட் பண்ணுங்க. கஸ்டம்ஸ் யாரும் போன் பண்ணி தனி ஆள் அக்கவுன்ட்லயோ யுபிஐலயோ பணம் கேக்க மாட்டாங்க. ஆபீஸ் லெட்டர்னா 2019 நவம்பர்லேர்ந்து டிஐஎன்னு ஒரு டாக்குமென்ட் அடையாள நம்பர் வழக்கமா இருக்கும், அத சிபிஐசி, அதாவது கஸ்டம்ஸ நடத்துற மத்திய போர்டு, வெப்சைட்ல போட்டு உண்மையான்னு நீங்களே பாக்கலாம். ஏற்கனவே பணம் போட்டுட்டீங்கன்னா வெக்கப்படாம அந்த நிமிஷமே 1930க்கு அடிங்க, லேட்டாக ஆக பணம் கைமாறிட்டே இருக்கும். கேஒய்சி கேட்டு வர்ற லிங்க்ல ஆதார் ஏத்தாதீங்க, கொரியர் கம்பெனி சைட்டுக்கு நீங்களா போய் டிராக்கிங் நம்பர் போட்டு அங்க ஏத்துங்க. நான் வீட்டுல எல்லார் ஆதார் ஜெராக்ஸ்லயும் "இந்த ஏர்வே பில் நம்பருக்கு (பார்சல் நம்பருக்கு) மட்டும்"னு குறுக்கால எழுதி கையெழுத்து, தேதி போட்டுத்தான் குடுக்குறேன்.

டியூட்டி கட்டுப்படியாகலன்னா பேசாம விட்டுடாதீங்க. 30 நாள்ல எடுக்காத சரக்க நோட்டீஸ் குடுத்து வித்துடலாம், குடோன் வாடகை வேற ஏறிட்டே இருக்கும். கிளியரன்ஸ் ஆர்டர் போடறதுக்கு முன்னாடி "எனக்கு வேணாம்"னு எழுதிக் குடுத்தா, தப்பு எதுவும் நடக்காத பார்சல்னா, டியூட்டி கட்ட வேண்டியதில்ல, கஸ்டம்ஸ் ஆக்ட் 23ஆவது பிரிவுல இருக்கு.

டியூட்டி கட்டினப்பறம் கொரியர்கிட்ட பில் ஆஃப் என்ட்ரி காப்பி கேளுங்க. தானா தரமாட்டாங்க, கேட்டா தருவாங்க. அந்த வித்வான்கிட்ட அன்னிக்கு வற்புறுத்தி வாங்க வச்சேன், சீரியல் நம்பரும் அதுல ஏறியிருந்துச்சு. ஒண்ணரை வருஷம் கழிச்சு மைக்ல இரைச்சல் வந்து ஜெர்மனிக்கே ரிப்பேருக்கு அனுப்ப வேண்டியதாச்சு. போகும்போது ரிப்பேருக்குன்னு பேப்பர் போட்டு, அந்த பில்ல சேத்து வச்சு அனுப்பினோம். திரும்பி வந்தப்ப அதே டேபிள்தான், வேற ஆபீசர். மைக் கழுத்துல இருக்குற நம்பரையும் பில்லயும் ஒத்துப் பாத்துட்டு, ரிப்பேர் கூலிக்கும் போக்குவரத்து, இன்சூரன்ஸ் செலவுக்கும் மட்டும் டியூட்டி போட்டாரு. சாயங்காலம் நாலு மணிக்கு வித்வான் பெட்டிய மடில வச்சுக்கிட்டு ஆட்டோல ஏறினாரு.