சைக்கடெலிக் என்றால் என்ன? தமிழில் என்ன சொல்வது?

நினைவு தப்பாமலே புலனையும் எண்ணத்தையும் மாற்றிவிடும் சில காளான், கள்ளி, எல்எஸ்டி போன்றவற்றுக்கு ஆங்கிலத்தில் ‘சைக்கடெலிக்’ என்று பெயர். அந்தச் சொல்லைக் கேட்டதும் தமிழ்க் காதில் முதலில் விழுவது ‘சைக்கோ’தான். சினிமாவும் செய்தித்தாளும் சேர்ந்து சைக்கோவைக் கத்தியோடு நிற்கும் ஆளாக ஆக்கிவிட்டன. அந்த வகைக் காளானைத் தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்ற முடிவுக்கு ஒலியே நம்மைப் பாதி தூரம் கூட்டிக்கொண்டு போய்விடுகிறது. உண்மையில் கிரேக்க இலக்கணப்படி சேர்த்திருந்தால் இந்தச் சொல் ‘சைக்கோடெலிக்’ என்றுதான் வந்திருக்க வேண்டும். தாவரவியலாளர் ரிச்சர்ட் எவன்ஸ் ஷுல்டெஸுக்கு இந்தப் பிழை கடைசிவரை பிடிக்கவில்லை. எனக்கென்னவோ அந்த ஓகாரம் விழுந்தது நல்லதாகவே படுகிறது. அதோடு வந்திருந்தால் நம் ஊடகங்களிடமிருந்து அதைக் காப்பாற்றவே முடிந்திருக்காது.

சொல்லை உருவாக்கியவர் ஹம்ஃப்ரி ஆஸ்மண்ட். பிரிட்டனில் பிறந்து, கனடாவின் சஸ்காச்சுவான் மாநிலத்தில் வெய்பர்ன் மனநல மருத்துவமனையில் பணியாற்றிய மனநல மருத்துவர். 1953 மே மாதம் எழுத்தாளர் ஆல்டஸ் ஹக்ஸ்லிக்கு, பெயோட்டி கள்ளியில் இருக்கும் மெஸ்கலின் என்ற பொருளைக் கொடுத்து, பக்கத்திலேயே இருந்து கவனித்தவர் அவர். இந்த வகைப் பொருள்களுக்கு நல்ல பெயர் ஒன்று வேண்டும் என்று இருவரும் 1956-ல் கடிதம் எழுதிக்கொண்டார்கள். ஹக்ஸ்லி ‘ஃபனரோதைம்’ என்ற சொல்லை முன்மொழிந்து, அதை எதுகையில் வைத்து இரண்டு அடி எழுதி அனுப்பினார். ஆஸ்மண்டும் இரண்டு அடியிலேயே பதில் போட்டார். நரகத்தின் ஆழம் காணவோ, தேவதைபோல் உயரப் பறக்கவோ ஒரு சிட்டிகை சைக்கடெலிக் போதும் என்பது அதன் சாரம். வரிசையைக் கவனியுங்கள். நரகம் முதலில் வருகிறது, பறப்பது பிறகுதான். பின்னாளில் சுவரொட்டி அடித்தவர்கள் இரண்டாவது பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

‘சைக்கி’ என்றால் கிரேக்கத்தில் உயிர், ஆன்மா, மனம். ‘டெலூன்’ என்றால் வெளிப்படச் செய்தல், தெளிவாகக் காட்டுதல். இரண்டையும் சேர்த்தால் உள்ளத்தை வெளிக்காட்டுவது என்று பொருள். 1957-ல் நியூயார்க் அறிவியல் கழகக் கூட்டத்தில் ஆஸ்மண்ட் இதை அறிஞர்கள் முன்வைத்தார்.

அதற்குமுன் இருந்த பெயர்களையும் பார்த்தால்தான் இதன் அருமை புரியும். ஜெர்மானிய மருந்தியலாளர் லூயி லெவின் 1924-ல் ‘ஃபன்டாஸ்டிகா’ என்றார். மருத்துவர்கள் ‘சைக்கோட்டோமிமெட்டிக்’ என்றார்கள், அதாவது மனநோயைப் போல நடிக்க வைப்பது. ‘ஹாலுசினோஜன்’ என்பதற்கு வேர் லத்தீனில் மனம் அலைதலைக் குறிக்கும் வினை. கடைசியாக 1979-ல் கார்ல் ரக், அமெரிக்கக் காளான் ஆய்வாளர் கார்டன் வாசன், ஜோனதன் ஆட் முதலியோர் சேர்ந்து ‘என்தியோஜன்’ என்றார்கள். உள்ளே தெய்வத்தைத் தோற்றுவிப்பது என்று பொருள். ஒருவர் நோய் என்கிறார், ஒருவர் பொய்த்தோற்றம் என்கிறார், ஒருவர் தெய்வம் என்கிறார். எல்லாம் ஒரே பொருள்களைப் பற்றித்தான்.

தமிழில் நாம் என்ன சொல்கிறோம்? பெரும்பாலும் ‘போதைக் காளான்’. சட்டச் செய்திக்கு இது போதும், விளக்கத்துக்குப் போதாது. போதை என்றதும் நமக்குத் தோன்றுவது தள்ளாட்டமும் விடமுடியாத பழக்கமும். சைலோசைபின் என்ற வேதிப்பொருள் உள்ள இந்தக் காளானில் உடல் அதற்கு அடிமையாகும் சங்கதி பெரிதாக இல்லை. அடுத்தடுத்த நாள்களில் எடுத்தால் வேலை செய்வதே குறைந்துவிடுகிறது. அதன் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது, ‘போதை’ என்ற சொல் அந்த இடத்தை மறைக்கிறது. ஒருவர் ‘இதற்கு அடிமையாக மாட்டேன்’ என்று தெரிந்துகொண்டதுமே ‘அப்படியானால் ஆபத்தில்லை’ என்ற முடிவுக்குத் தாவிவிடுகிறார்.

இன்னொன்று ‘மாயக் காளான்’. இது ஆங்கிலத்திலிருந்து அப்படியே இறங்கியது. ஆங்கிலத்திலும் அது பழைய பெயர் அல்ல, 1957-ல் ‘லைஃப்’ இதழ் வாசனின் கட்டுரைக்கு வைத்த தலைப்பிலிருந்து பரவியது. மெக்சிகோவின் ஓஹாக்கா மலைப்பகுதியில் வாவுத்லா என்ற ஊரில், மசாடெக் இனத்து மரியா சபீனா நடத்திய இரவுச் சடங்கில் 1955-ல் கலந்துகொண்டு வந்தவர் வாசன். சபீனா அந்தக் காளான்களை ‘புனிதக் குழந்தைகள்’ என்றே அழைத்தார். நோயாளிக்கு என்ன குறை என்று கண்டறிய அவற்றை உண்டவர் அவர். கட்டுரைக்குப் பிறகு வெளிநாட்டு இளைஞர்கள் அந்த ஊருக்குப் படையெடுத்தார்கள், போலீஸும் வந்தது. ஊரார் கோபம் சபீனா மேல் திரும்பியது, அவர் வீடு எரிக்கப்பட்டது. ‘மாயம்’ என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த வீடும் இருக்கிறது.

மெக்சிகோப் பழங்குடியினரின் நாவாட்ல் மொழியில் இந்தக் காளானுக்கு ‘தெயோனனாகட்ல்’ என்று பெயர். ‘தெய்வ மாமிசம்’ என்று அதை மொழிபெயர்ப்பது வழக்கம். அறிவியல் பெயரோ இந்தப் பெருமையெல்லாம் இல்லாதது. ‘சைலோசைபி’ என்றால் கிரேக்கத்தில் மொட்டைத் தலை. அதிலிருந்து 1958-ல் ஆல்பர்ட் ஹாஃப்மன் பிரித்தெடுத்த வேதிப்பொருள் சைலோசைபின். எல்எஸ்டியைக் கண்டுபிடித்தவரும் அவரே. உடலுக்குள் போனதும் சைலோசைபின் சைலோசினாக மாறி, மூளையில் செரட்டோனின் என்ற வேதிப்பொருளை வாங்கிக்கொள்ளும் 2ஏ ஏற்பிகளில் போய் ஒட்டுகிறது. வேலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம்.

மூன்றாவது ‘மயக்கம்’. ‘மனமயக்கப் பொருள்’ என்று செய்திகளில் வருகிறது. இன்றைய தமிழில் மயக்கம் என்றால் நினைவு தப்புவது. இந்தக் காளான் நினைவைத் தப்பவிடுவதில்லை. ‘தப்பினால் தேவலை’ என்று தோன்றுமளவுக்குச் சிலரை விழிப்பாகவே வைத்திருக்கும். ஆனால் மயங்குதலுக்குப் பழைய பொருள் ஒன்று உண்டு: கலத்தல். பள்ளியில் படித்த ‘மெய்ம்மயக்கம்’ நினைவிருக்கும், மெய்யோடு மெய் சேர்வது. சைலோசைபினின் பிடியில் இருப்பவர் இசைக்கு நிறம் தெரிகிறது என்கிறாரே, புலனோடு புலன் கலக்கும் அந்த நிலைக்குப் ‘புலன்மயக்கம்’ என்பது அச்சாகப் பொருந்தும். ஒரு நல்ல சொல்லைத் தப்பான இடத்தில் செலவழித்துக்கொண்டிருக்கிறோம்.

நான் பரிந்துரைப்பது ‘உளங்காட்டி’. உளவெளிப்படுத்தி என்றும் சொல்லலாம்தான், ஆனால் நாக்கு ஒத்துழைக்காது. வழிகாட்டி, நாள்காட்டி, திசைகாட்டி வரிசையில் இது இயல்பாக உட்காரும். ‘காட்டு’ என்ற வினையைத் தேர்ந்ததற்கு ஒரு குறளும் காரணம். பக்கத்தில் இருப்பதைக் காட்டும் பளிங்கைப் போல, நெஞ்சில் மிகுந்ததை முகம் காட்டும் என்கிறார் வள்ளுவர்: ‘அடுத்தது காட்டும் பளிங்குபோல் நெஞ்சம் கடுத்தது காட்டும் முகம்.’ பளிங்கு தனக்கென நிறம் வைத்துக்கொள்வதில்லை. எதை அருகில் வைத்தாலும் அதைக் காட்டும். பயத்தை வைத்தால் பயத்தை.

இந்த ஒப்புமையை முழுதாக நம்பிவிடக் கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்த மருந்துகள் ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் காட்டுகின்றனவா, புதிதாக ஒன்றைக் கிளப்புகின்றனவா என்ற கேள்வி இன்னும் முடியவில்லை. ஆஸ்மண்டின் சொல்லும் ஒரு வகையில் கட்சி கட்டிய சொல்லே. இருந்தாலும் மற்ற பெயர்களைவிட எச்சரிக்கை இதில்தான் கூடுதலாக இருக்கிறது.

அந்த எச்சரிக்கைக்கு இந்தத் துறையில் இரட்டைச் சொல் ஒன்று உண்டு: ‘செட் அண்ட் செட்டிங்’. 1960-களில் அமெரிக்க உளவியலாளர் டிமதி லியரி பரப்பியது. தமிழில் அகநிலை, புறச்சூழல் எனலாம். எந்த மனநிலையோடு போகிறோம், எந்த இடத்தில் யாரோடு இருக்கிறோம் என்பவை, எவ்வளவு எடுத்தோம் என்பதற்குச் சமமாக அனுபவத்தைத் தீர்மானிக்கின்றன. மருத்துவ ஆய்வுகள் இதைக் கருத்தில் கொண்டே நடக்கின்றன. 2022-ல் வெளியான ஓர் ஆய்வில், மற்ற சிகிச்சைகளுக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர் பங்கேற்றார்கள். 25 மில்லிகிராம் சைலோசைபின் ஒரே ஒருமுறை பெற்றவர்களுக்கு, 1 மில்லிகிராம் பெற்றவர்களைவிட மூன்று வாரத்தில் சோர்வு கூடுதலாகக் குறைந்தது. கூடவே தலைவலி, குமட்டல், தலைசுற்றல் பலருக்கும் வந்தன. தற்கொலை எண்ணமும் சிலருக்கு எழுந்தது. இத்தனைக்கும் அது முன்கூட்டியே ஆளைச் சோதித்துத் தேர்ந்தெடுத்து, பேசித் தயார்செய்து, பயிற்சி பெற்றவர் பக்கத்தில் இருக்கக் கொடுத்த மருந்து.

அந்தத் தேர்வில் யாரைக் கழிக்கிறார்கள் என்பதில்தான் பொறுப்பான பயன்பாட்டின் பாதிப் பாடம் இருக்கிறது. மனச்சிதைவோ இருமுனைக் கோளாறோ தனக்கோ குடும்பத்திலோ உள்ளவரை விட்டுவிடுகிறார்கள், அடங்கிக் கிடப்பது கிளம்பிவிடலாம் என்பதால். இருமுனைக் கோளாறுக்குக் கொடுக்கும் லித்தியம் மருந்தை எடுப்பவருக்கு வலிப்பு வரலாம். அமேசான் பகுதியின் ஆயவாஸ்கா என்ற மூலிகைப் பானத்தில் உடலின் மோனோஅமைன் ஆக்சிடேஸ் நொதியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது. மனச்சோர்வு மாத்திரை எடுப்பவர் அதைக் குடித்தால் செரட்டோனின் அளவுமீறி உயிருக்கே கேடாகலாம். சைலோசைபின் கலைந்த பின்னும் மாதக்கணக்கில் பார்வையில் கோடும் நிழலும் மிஞ்சுகிறவர்களும் உண்டு, அரிதாக. ‘இயற்கையில் முளைத்ததுதானே’ என்ற வாதத்துக்கு இந்தப் பட்டியலில் எந்த இடத்திலும் வேலை இல்லை.

அதைவிடப் பெரிய குழப்பம், எதை உளங்காட்டி என்பது. ஊமத்தை அந்தக் கணக்கில் வராது. அதன் பெயரே பித்தைக் குறிக்கும் ‘உன்மத்தம்’ என்பதிலிருந்து வந்தது. முன்னோர் ஏமாந்து வைத்த பெயர் அல்ல. அதில் இருக்கும் அட்ரோபினும் ஸ்கோபொலமினும் ஆளை ஜன்னி நிலைக்குக் கொண்டுபோகும். எதிரில் இல்லாதவரோடு பேசுவார், பேசியது நினைவிலும் இருக்காது. மயக்கத்துக்கும் சாவுக்கும் இடையிலான அளவு மிகக் குறுகலானது. ‘மருளூட்டி’ என்ற சொல்லை இதற்கு ஒதுக்கலாம். சைலோசைபின் எடுத்தவருக்குச் சுவர் அலையடித்தாலும், அது மருந்தின் வேலை என்று பெரும்பாலும் தெரிந்தே இருக்கும். சிவப்புக் குடையில் வெள்ளைப் புள்ளி வைத்த, கதைப் புத்தகப் படங்களில் வரும் அமானிட்டா காளானும் வேறு இனம். அதன் மஸ்கிமால் வேறு ஏற்பிகளில் வேலை செய்வது.

காளானுக்குச் சங்கத் தமிழில் ‘ஆம்பி’ என்று பெயர். சமையலையே மறந்துவிட்ட அடுப்பில் ஆம்பி பூத்திருக்கிறது என்று வறுமையைச் சொல்கிறது புறநானூறு. தானாக, கேட்காத இடத்தில் முளைப்பது அது. சிக்கலும் அங்கேதான். சைலோசைபி இனங்கள் சிலவற்றைப் போலவே தோன்றும் கலெரினா என்ற சிறு பழுப்புக் காளானில் அமாடாக்சின் நஞ்சு இருக்கிறது. தின்று ஆறு மணி நேரத்துக்கு மேல் ஒன்றுமே தெரியாது. பிறகு வாந்தி, பேதி. அதுவும் அடங்கிச் சரியாகிவிட்டது போலிருக்கும். அந்த இடைவேளையில்தான் கல்லீரல் போகிறது. நசுக்கினால் நீலமாக மாறுகிறதா என்று பார்த்துத் தீர்மானிப்பவர்கள் உண்டு. நீலம் சைலோசினின் அடையாளமாக இருக்கலாம், நஞ்சில்லை என்பதற்கு அது சான்று ஆகாது. சரியான இனமே கையில் கிடைத்தாலும் ஒரு காளானுக்கும் அடுத்ததற்கும் சைலோசைபின் அளவு மாறும்.

வளர்ப்பு பற்றிப் பேசும்போது நம் மொழிபெயர்ப்பு இன்னொரு கோட்டை விடுகிறது. ‘வித்து’ என்று இரண்டையும் சொல்கிறோம்: காளான் குடையின் அடிப்பக்கத்திலிருந்து உதிரும் துகளையும், வளர்ப்பவர் தானியத்தில் பூசண இழையை ஏற்றி வைத்திருப்பதையும். சட்டத்தில் இரண்டுக்கும் வெகுதூரம். துகளில் சைலோசைபின் கிடையாது என்பதால் சில நாடுகளில் அதை வைத்திருப்பது குற்றமாவதில்லை. அது முளைத்து இழையோடிக் காளானாவதைப் பெரும்பாலான நாடுகளின் சட்டம் போதைப்பொருள் உற்பத்தியாகப் பார்க்கிறது. துகளுக்குச் ‘சிதல்’ என்ற சொல் அறிவியல் தமிழில் ஏற்கெனவே இருக்கிறது. அதைப் பயன்படுத்தி, ‘வித்து’ என்பதைக் காளான் வளர்ப்பவர்களுக்கே விட்டுவிடலாம்.

1971-ன் ஐ.நா. உடன்படிக்கை சைலோசைபினை மிகக் கடுமையான முதல் அட்டவணையில் வைத்தது. நெதர்லாந்து 2008-ல் காளானைத் தடை செய்தது, மண்ணுக்கடியில் உருவாகும் கட்டியை விட்டுவிட்டது. இரண்டிலும் சரக்கு ஒன்றுதான். அமெரிக்காவின் ஒரேகன் மாநிலம் 2020-ல் வாக்கெடுப்பில், கண்காணிப்புடன் கூடிய பயன்பாட்டுக்கு வழிவிட்டது. ஆஸ்திரேலியாவில் 2023 ஜூலையிலிருந்து, அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் எழுதிக் கொடுக்கலாம்.

செடிகளில் நிலைமை வேறு. மெஸ்கலின் தரும் பெயோட்டி கள்ளி, இயற்கையில் முதிரப் பத்தாண்டுக்கு மேல்கூட ஆகும். வெட்டுவது ஒரு நிமிடம். வேரோடு பிடுங்கினால் மறுபடி முளைக்காது. அதை வழிபாட்டுப் பொருளாகக் கொண்ட வட அமெரிக்கப் பழங்குடிகளுக்கே தட்டுப்பாடு வந்துவிட்டது. ‘பொறுப்பான பயன்பாடு’ என்பதில் கள்ளியின் தரப்பும் சேர்ந்ததுதான்.

எழுதும்போது எங்கே எதைப் போடுவது? வகையைச் சொல்ல உளங்காட்டிகள். காளானைச் சொல்ல உளங்காட்டிக் காளான், அல்லது வேதிப்பொருளோடு சேர்த்துச் சைலோசைபின் காளான். வழக்குச் செய்தியில் சட்டம் என்ன பெயர் வைத்திருக்கிறதோ அதுவே. சைக்கடெலிக் இசை, சைக்கடெலிக் நிறங்கள் என்று வரும்போது மட்டும் கடன்சொல்லை அப்படியே விட்டுவிடுங்கள். ஒரு சட்டையைப் பார்த்து ‘உளங்காட்டிச் சட்டை’ என்றால் அணிந்திருப்பவர் பதறிப்போவார்.