சீனியர் சிட்டிசன்: வானொலியில் பெரியவர்களை எப்படி அழைப்பது?

எங்கள் ஊர்க் கல்லூரியில், சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் ஒலிக்கும் ஒரு சமுதாய வானொலி இருக்கிறது. அதில் வாரம் ஒரு நாள், அரை மணி நேரம், வயதானவர்களோடு பேசும் நிகழ்ச்சியை நடத்துகிறேன். தொடங்கிய புதிதில் நான் எழுதிக்கொடுத்த ஓர் அறிவிப்பு இப்படி இருந்தது: "மூத்த குடிமக்கள் கவனத்திற்கு. வரும் செவ்வாய்க்கிழமை ஊராட்சி அலுவலகத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை பரிசோதனை முகாம்." அன்று சாயங்காலம் கடைத்தெருவில் பூ கட்டும் ஒரு பாட்டியிடம், முகாமுக்குப் போனீங்களா என்று கேட்டேன். அவர் போகவில்லை. ஆனால் அறிவிப்பைக் கேட்டிருக்கிறார், அதுவும் இரண்டு முறை. "அது ரிடையர்டு ஆபீசருங்களுக்குன்னு நெனச்சேன் தம்பி" என்றார். அவருக்கு வயது 72. வாழை நாரை விரலில் சுற்றியபடியே சொன்னார். பக்கத்தில் ரேடியோ அப்போதும் பாடிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம்தான், 'மூத்த குடிமக்கள்' என்பதற்கு மூலமான 'சீனியர் சிட்டிசன்' என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன்.

இலத்தீனில் 'செனெக்ஸ்' என்றால் வயதானவர். 'சீனியர்' என்றால் 'இன்னும் வயதானவர்', அதாவது ஒருவரைவிட இன்னொருவர் மூத்தவர். ரோமாபுரியின் செனட்டும் இதே வேரிலிருந்து கிளைத்ததுதான். பெரியவர்கள் கூடிய அவை என்பது அதன் பொருள். சீனியர் பிரெஞ்சுக்குப் போய்த் தேய்ந்து 'சயர்' ஆனது. ஆங்கிலத்தில் இன்னும் தேய்ந்து 'சர்' ஆனது. அதைத்தான் நாம் 'சார்' என்கிறோம். பேருந்து நடத்துநரை, ஆசிரியரை, வங்கிக்காரரை ஒரு நாளைக்கு எத்தனை முறை அப்படிக் கூப்பிடுகிறோம்! ஒவ்வொரு முறையும் 'மூத்தவரே' என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

சிட்டிசன் என்பது நகரத்தில் வாழ்பவர் என்ற பொருளில் பிறந்து, நாட்டின் உரிமையுள்ள உறுப்பினர் என்று விரிந்த சொல். இந்த இரண்டையும் சேர்த்து ஒட்டியது அமெரிக்கா. 1938-இல் கலிஃபோர்னியாவில் ஷெரிடன் டவுனி என்பவர் செனட் தேர்தலில் நின்றார். வேலையும் வருமானமும் இல்லாமல் முதியவர்கள் திண்டாடிய பொருளாதார மந்தக் காலம் அது. அவர்களுக்கு ஓய்வூதியம் வேண்டும் என்பது அங்கே பெரிய கோரிக்கை. டவுனி அவர்களைக் குறிக்க 'சீனியர் சிட்டிசன்' என்ற தொடரைப் பயன்படுத்தியது அந்த ஆண்டுப் பத்திரிகையில் பதிவாகியிருக்கிறது. அந்தத் தேர்தலில் அவர் வென்றார். ஆக, பிறக்கும்போதே இது ஓய்வூதியத்தோடும் ஓட்டோடும் பிறந்த சொல். பூக்காரப் பாட்டி இதைப் பென்ஷன்காரர்களின் சொல்லாகக் கேட்டது அப்படியொன்றும் தவறில்லை.

தமிழில் இதை 'மூத்த குடிமக்கள்' என்று ஆக்கினோம். சொல்லாக்கம் என்று பார்த்தால் மிகச் சரியானது. இலத்தீன் சீனியர் போலவே 'மூத்த' என்பதும் ஒப்பிட்டுச் சொல்வதுதான். மூத்த மகனுக்கு ஐந்து வயதுகூட இருக்கலாம். கணவனின் அண்ணனை 'மூத்தார்' என்கிறோம், அவர் முப்பது வயதுக்காரராக இருந்தாலும். 'மூத்தகுடி' என்ற சேர்க்கையும் நமக்குப் பழையது. புறப்பொருள் வெண்பாமாலையில் வருகிறது. அங்கே அது தொன்மையான குலம் என்று பொருள்படும், வயதான ஆட்களைச் சொல்லவில்லை.

சிக்கல் 'குடிமகன்' என்ற பகுதியில் இருக்கிறது. அரசியல் சட்டம் படித்தவருக்கு அது சிட்டிசன். சில வட்டாரங்களில் ஊரில் முடிதிருத்தும் தொழில் செய்தவரைக் குடிமகன் என்று அழைத்த வழக்கம் இருந்தது. வயதானவர்கள் சிலருக்கு அது இன்னும் நினைவிலிருக்கிறது. இன்றைய செய்தித்தாளோ குடித்துவிட்டு விழுந்து கிடப்பவரைக் குடிமகன் என்று எழுதுகிறது. அதனால் ஒருமையில் 'மூத்த குடிமகன்' என்று ஒலிவாங்கியில் சொல்லவே கூடாது என்று எங்கள் மாணவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறேன். எண்பது வயதுக்காரர் ஒருவரை மரியாதையாக அறிமுகப்படுத்தும் இடத்தில் யாரோ ஒருவர் சிரிக்கும்படி ஆகிவிடக்கூடாது.

'முதியோர்' நல்ல சொல், பழைய சொல். மகன் போரில் புறங்காட்டினான் என்று கேள்விப்பட்டுக் கொதித்தெழும் புறநானூற்றுத் தாயை அந்தப் பாட்டு 'முதியோள்' என்றுதான் சொல்கிறது. முது என்ற வேரின் குடும்பம் ரொம்பப் பெரியது: முதுமை, மூப்பு, முதிர்ச்சி, மூதூர், மூதாட்டி, முதுமொழி. வங்கியில் வைப்புத்தொகைக்கு 'முதிர்வு' தேதி போடுகிறார்கள். எம்.ஏ. படிப்பு 'முதுகலை'. அலுவலகத்தில் சீனியர் மேனேஜர் 'முதுநிலை மேலாளர்'. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் சீனியாரிட்டி 'பதிவுமூப்பு'. இந்த வரிசையைப் பாருங்கள், இதில் ஒன்றிலாவது தளர்ச்சி இருக்கிறதா? பழம் கனிவது மாதிரி, தகுதி கூடுவது மாதிரியான பொருள்தான் எல்லாவற்றிலும்.

ஆனால் முதியோர் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. 1978-இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு நாம் 'முதியோர் கல்வி' என்று பெயர் வைத்தோம். அது 15 முதல் 35 வயது வரை உள்ளவர்களுக்கான எழுத்தறிவுத் திட்டம். ஆங்கிலத்தில் அடல்ட். 'வயதுவந்தோர் கல்வி' என்று சொல்லியிருக்க வேண்டியது. இருபது வயதில் அந்த இரவுப் பள்ளியில் கையெழுத்துப் போடக் கற்றுக்கொண்ட ஒருவர் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தார். "அப்பவே என்னை முதியோர்னுட்டாங்க, இப்பவும் முதியோர்தான்" என்றார்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது 'கிழவன்', 'கிழவி' இரண்டுக்கும் நேர்ந்ததுதான். கிழமை என்றால் உரிமை. ஒரு நாள் எந்தக் கோளுக்கு உரியதோ அந்தக் கோளின் கிழமை: ஞாயிற்றுக்கிழமை, திங்கட்கிழமை. நிலம் உடையவர் நிலக்கிழார். தொல்காப்பியத்தில் காதல் கொண்ட தலைவன் கிழவன், தலைவி கிழத்தி. என்றும் இளையவனான முருகனைத் திருமுருகாற்றுப்படை 'மலைகிழவோன்' என்று சொல்லி முடிகிறது. மலைக்கு உரியவன் என்று பொருள். வீட்டிலும் நிலத்திலும் உரிமை வைத்திருந்தவர் பெரும்பாலும் வயதில் பெரியவராகவே இருந்ததால் சொல் வயதின் பக்கம் சாய்ந்திருக்கும் என்று கொள்ளலாம். பிறகு உரிமை போனது, வயது மட்டும் ஒட்டிக்கொண்டது. இன்று அதைப் பெரும்பாலும் வசவாகவே கேட்கிறோம். சொத்தை எழுதிக்கொடுத்துவிட்டுத் திண்ணைக்கு வந்துவிட்ட பெற்றோரோடு பேசும்போதெல்லாம் இந்தச் சொல்தான் எனக்கு நினைவுக்கு வரும்.

புறநானூற்றிலேயே இன்னொரு சொல் இருக்கிறது: பெருமூதாளர். பூண் போட்ட கோலை ஊன்றி நிற்கும் ஒரு முதியவர், மருத மரக் கிளையிலிருந்து ஆழமான மடுவில் குதித்து மணல் எடுத்து வந்த தன் சின்ன வயதை நினைக்கிறார். புலவரின் பெயர் தெரியாமல், அந்தப் பாட்டின் தொடரையே பெயராக்கித் தொடித்தலை விழுத்தண்டினார் என்கிறோம். தன் இன்றைய நிலையை அவர் 'இருமிடை மிடைந்த சிலசொல் பெருமூதாளரேம்' என்கிறார். இருமலுக்கு நடுவே நெருக்கியடித்துக்கொண்டு வரும் சில சொற்களை உடைய பெருமூதாளர் நாங்கள் என்பது பொருள்.

இதை நான் ஒலிப்பதிவு அறையில் கண்ணால் பார்த்தேன். ஆற்று மதகு காவல் வேலை பார்த்த ஒரு தாத்தாவின் பேச்சைப் பதிவு செய்திருந்தோம். தொகுத்த மாணவி நல்ல கெட்டிக்காரப் பெண். திரையில் ஒலி அலைகளில் இருமல் எங்கெல்லாம் முள்ளாக நிமிர்ந்திருந்ததோ அங்கெல்லாம் வெட்டிவிட்டாள். போட்டுக் கேட்டால் பேச்சு வழுவழுவென்று ஓடியது, ஆனால் தாத்தாவைக் காணோம். அவர் இருமி, மூச்சு வாங்கி, ஒரு விநாடி நிறுத்திவிட்டு "தண்ணி வந்துட்டுதுப்பா" என்று சொன்ன இடத்தில்தான் அந்தக் காலத்து ஆறே இருந்தது. பாதி இருமல்களைத் திரும்ப ஒட்டினோம். 80 வயது தாண்டியவர்களை வருமான வரித் துறையும் வங்கிகளும் 'சூப்பர் சீனியர் சிட்டிசன்' என்கின்றன. அதற்குத் தமிழ் கேட்டால் நான் பெருமூதாளர் என்றே சொல்வேன். புதிதாக உருவாக்க வேண்டியதே இல்லை, இருக்கிறது.

தமிழ் புழங்கும் மற்ற நாடுகளில் வேறு வழக்குகள். சிங்கப்பூரில் 'மூத்தோர்' என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள், எனக்கு அது மிகவும் பிடித்திருக்கிறது. இலங்கை அரச வழக்கில் 'சிரேஷ்ட பிரஜைகள்'. அங்கே பதவிகளுக்கும் சிரேஷ்ட, கனிஷ்ட என்று பழக்கமாகிவிட்டதால் அவர்கள் காதுக்கு உறுத்துவதில்லை.

வானொலிக்கு வருவோம். கம்யூனிட்டி ரேடியோவைச் 'சமுதாய வானொலி' என்றும் 'சமூக வானொலி' என்றும் சொல்கிறார்கள். இரண்டும் கூட்டம், திரள் என்ற பொருளுள்ள வடசொற்களிலிருந்து வந்தவை. 'சமூக' என்றால் இன்று சமூக ஊடகம் நினைவுக்கு வந்துவிடுகிறது. 'சமுதாயம்' என்றால் ஊரில் சாதி என்று காதில் விழுகிறது. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ் அல்லவா! "எந்தச் சமுதாயத்துக்கான ரேடியோ தம்பி?" என்று ஒரு பெரியவர் என்னிடம் நேராகவே கேட்டார். எல்லாருக்கும் ஐயா என்றேன். மக்கள் கடைசியில் 'நம்ம ரேடியோ' என்றே சொல்கிறார்கள், அதைவிட நல்ல பெயர்ப்பு எனக்குத் தெரியவில்லை.

அலைவரிசைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னது. 2002-இல் கல்வி நிறுவனங்களுக்கு அனுமதி கிடைத்தது. 2004 பிப்ரவரி 1-இல் அண்ணா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் சமுதாய வானொலி ஒலிக்கத் தொடங்கியது. தன்னார்வ அமைப்புகளுக்கு 2006-இல் வழி திறந்தது. பாம்பனில் மீனவர்களுக்காகக் கடல் ஓசை, நீலகிரியில் ரேடியோ கோத்தகிரி எல்லாம் அந்த வழியில் வந்தவை. ஒலிபரப்பும் திறன் பொதுவாக 100 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு அப்பால் கேட்காது. அது குறை மாதிரித் தெரியும். ஆனால் அவ்வளவு சின்ன வட்டத்துக்குள் பேசும்போது, அந்த வட்டத்தின் பேச்சுச் சொல்லையே தாராளமாகப் பயன்படுத்தலாம். சென்னைக்கும் கன்னியாகுமரிக்கும் பொதுவாக ஒரு சொல் தேட வேண்டியதில்லை.

அப்படியானால் 'மூத்த குடிமக்கள்' வேண்டாமா? வேண்டும். அது சட்டத்தின் சொல். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு மற்றும் நலச் சட்டம் 2007-இல் வந்தது. 60 வயது நிறைந்தவர்கள் அதன்கீழ் வருவார்கள். பிள்ளைகள் கவனிக்காவிட்டால் கோட்டாட்சியரிடம் மனு கொடுக்கலாம், மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். அந்த மனுவில் இந்தச் சொல்தான் இருக்கும். அஞ்சலகத்தில் சேமிப்புத் திட்டத்தின் பெயரிலும் இதுதான். கேட்பவருக்கு இந்தச் சொல் பழகாவிட்டால் தனக்கு உரியது எது என்றே அவருக்குத் தெரியாமல் போய்விடும்.

உதவித்தொகையிலும் இதே இடைவெளிதான். தமிழ்நாட்டில் முதியோர் உதவித்தொகை 1962-இல் மாதம் 20 ரூபாயில் தொடங்கியது, 2023 ஆகஸ்டில் 1,200 ஆனது. தாலுகா அலுவலகப் பலகையில் 'தனி வட்டாட்சியர், சமூகப் பாதுகாப்புத் திட்டம்' என்று எழுதியிருக்கும். ஊரில் யாரைக் கேட்டாலும் 'ஓஏபி தாசில்தார்' என்பார்கள்; ஓஏபி என்பது 'ஓல்டு ஏஜ் பென்ஷன்' என்பதன் சுருக்கம். பலகையில் இருப்பதை மட்டும் வானொலியில் சொன்னால் போய்ச் சேராது. ஓஏபி என்று மட்டும் சொன்னால், தாலுகா ஆபீசில் நின்று பலகையைப் படிப்பவருக்கு எந்த அறை என்று தெரியாது.

அதனால் இப்போது நான் இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன். முதலில் கூப்பிடும் சொல், பிறகு காகிதத்துச் சொல். போன வாரம் ஒலிபரப்பானது இது:

"நம்ம ஊர்ப் பெரியவங்களுக்கு வணக்கம். பூ கட்டுறவங்க, ஆடு மேய்க்கிறவங்க, வீட்டுல பேரப்பிள்ளை பாத்துக்கிறவங்க, அறுபது வயசு ஆன எல்லாருக்கும்தான் சொல்றோம். அரசாங்கக் காகிதத்துல 'மூத்த குடிமக்கள்'னு எழுதியிருந்தா அது நீங்கதான். 'முதியோர்'னு எழுதியிருந்தாலும் நீங்கதான். சாப்பாட்டுக்கு வழியில்லை, வீட்டுல தொந்தரவு, எந்த ஆபீசுக்குப் போறதுன்னு தெரியலைன்னா 14567-க்குப் போன் போடுங்க, காசு கிடையாது. காலை எட்டு மணியிலேருந்து ராத்திரி எட்டு மணி வரைக்கும் எடுப்பாங்க. நம்பரை இன்னொரு தடவை மெதுவாச் சொல்றேன், பக்கத்துல பேரன் பேத்தி இருந்தா எழுதி வைக்கச் சொல்லுங்க: ஒண்ணு, நாலு, அஞ்சு, ஆறு, ஏழு."