குப்பையை அள்ள நிதி ஒதுக்கியாச்சு, அப்புறம்?

ஏரிக்கரையிலோ புறம்போக்கிலோ இரவோடு இரவாகக் கொட்டிய குப்பையை அள்ள உள்ளாட்சி மன்றம் நிதி ஒதுக்கிவிட்டது என்றால் ஊருக்கு நிம்மதிதான். நாற்றம் போகும், கோடையில் புகை இருக்காது. இப்படிப்பட்ட வேலைகளுக்கு மதிப்பீடு தயாரித்துக் கொடுப்பது என் தொழில். அதனால், எவ்வளவு தொகை என்பதைவிட, அந்த மதிப்பீட்டில் என்னென்ன இனங்கள் இருக்கின்றன என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

பல மதிப்பீடுகளில் இரண்டே இனங்கள்தான் இருக்கும். ஜேசிபி வாடகை மணிக்கணக்கில், டிப்பர் நடைக்கணக்கில். அள்ளியது எங்கே போய்ச் சேர வேண்டும் என்ற இடத்தில் 'தகுந்த இடத்தில் அப்புறப்படுத்துதல்' என்று ஒரு வரி. அந்தத் தகுந்த இடம் அடுத்த ஊராட்சியின் கல்குவாரிப் பள்ளமாக இருந்தால், நாம் செலவழித்தது குப்பையை அகற்ற அல்ல, ஊர் மாற்ற. பொதுப் பணத்தில் இன்னொரு சட்டவிரோதக் கிடங்கு உருவாகியிருக்கும், அவ்வளவுதான்.

உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் விலை போட முடியாது. அதனால்தான் முதலில் சோதனைக் குழி தோண்டச் சொல்கிறோம். ஒரு மாநகராட்சி எல்லையை ஒட்டிய ஏரிக்கரையில் அப்படித் தோண்டினோம். மேலாக இளநீர்க் கூடு, கிழிந்த மெத்தை, பாலித்தீன் பை. வாளி கொஞ்சம் இறங்கியதும் செங்கல் துண்டும் சிமென்ட் காரையும் ஒரே சீராகப் பரப்பிக் கிடந்தன. அங்கேயே சந்தேகம் வந்துவிட்டது. கட்டட இடிபாட்டை அவ்வளவு பொறுமையாக யாரும் பரப்ப மாட்டார்கள், கீழே எதையோ மூடுவதற்காக இருந்தால் ஒழிய. அதற்கும் கீழே கறுத்த களி, கண் எரியும் நெடி. ஹிட்டாச்சி ஓட்டிய தம்பி எந்திரத்தை அணைத்துவிட்டு இறங்கி, "சார், இது வீட்டுக் குப்பை இல்ல" என்றார். ஆய்வகம் சொல்ல வேண்டியதை அவர் அங்கேயே சொல்லிவிட்டார்.

அந்தக் களி ஆலைக்கழிவாக இருந்தால், கும்மிடிப்பூண்டியில் இருப்பது போன்ற அபாயக் கழிவு நிலையத்துக்குத்தான் போக வேண்டும். மருத்துவக் கழிவு என்றால் வழி வேறு. 2016 மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி அது அத்தகைய கழிவுக்கென்றே இருக்கும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போக வேண்டியது. 48 மணி நேரத்துக்கு மேல் அதைப் போட்டு வைத்திருக்கவே கூடாது. தூய்மைப் பணியாளர்களிடம் ஆளுக்கொரு கையுறையைக் கொடுத்து அதை அள்ளச் சொல்லும் அதிகாரிகள் இன்னும் இருக்கிறார்கள். ஊசி குத்தினால் யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் வராது. சாதாரணக் குப்பைக்கும் செலவு உண்டு. சலித்தெடுத்த பிளாஸ்டிக்கை அரியலூர் பக்கம் சிமென்ட் ஆலைகளுக்கு எரிபொருளாக அனுப்பலாம், ஆனால் லாரி வாடகையை யாராவது கொடுக்க வேண்டும். மதிப்பீட்டில் விட்டுப்போவது பெரும்பாலும் இந்த வாடகைதான்.

ஜேசிபியை அவசரமாக இறக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கொட்டியவன் யார் என்பதற்கான ஆதாரம் அந்தக் குவியலுக்குள்தான் கிடக்கிறது. கூரியர் சீட்டு, பில், மருந்து அட்டையின் தொகுதி (பேட்ச்) எண். புரட்டிப்போட்டுவிட்டால் எல்லாம் போச்சு. 2024 டிசம்பரில் திருநெல்வேலி மாவட்டத்தில் நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து மருத்துவக் கழிவு கிடந்ததே, அங்கே கைகொடுத்தவை கழிவோடு கலந்து கிடந்த மருத்துவமனைக் காகிதங்கள்தான். திருவனந்தபுரம் வரை தடம் போனது. மூன்று நாளில் அகற்ற வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு கேரளத்துக்கு உத்தரவிட்டது. கேரள அதிகாரிகளே லாரிகளோடு வந்து அள்ளிக்கொண்டு போனார்கள். ஆதாரம் கிடைக்காமல் போயிருந்தால் அந்தச் செலவு நம் ஊராட்சிகளின் தலையில் விழுந்திருக்கும். உள்ளூரில் இடம் காட்டிய தரகர்களும் கைதானார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். அடுத்த மாநிலத்து லாரிக்கு நம் ஊர்க் குளம் தானாகத் தெரிந்துவிடாது.

கெடுத்தவரே சரிசெய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்பது புதிய வாதமில்லை. பாலாற்றுத் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வேலூர் வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் அதை நாட்டின் சட்டமாக ஏற்றது. 2010-இன் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தின் 20-ஆவது பிரிவிலும் இருக்கிறது. அதே வட்டாரத்தில் நேர்மாறான உதாரணமும் உண்டு. ராணிப்பேட்டையில் 1990-களின் நடுவில் மூடிய குரோமேட் ரசாயன ஆலை விட்டுச்சென்ற கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல். ஆலை மூடிக் கால் நூற்றாண்டு கழித்தும் குவியல் அங்கேயே இருந்தது, மழை பெய்தால் மஞ்சள் நீர் கசிந்தது. பணம் கேட்க ஆலை இல்லை. சுமை அரசின் மேல்.

சரி, கொட்டியவர் கிடைக்கவில்லை, உள்ளாட்சியே செய்ய வேண்டும் என்றால் பணம் எங்கிருந்து வரும்? தூய்மை இந்தியா நகர்ப்புறத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் மத்திய அரசின் பங்கு, ஒரு லட்சத்துக்குக் குறைந்த மக்கள்தொகை உள்ள ஊர்களுக்கு 50 சதவீதம், பத்து லட்சம் வரை 33, அதற்கு மேல் 25. ஆனால் அது பழைய குப்பைக் கிடங்குகளை மனத்தில் வைத்துப் போட்ட கணக்கு. நேற்று ராத்திரி கொட்டிய லோடுக்குப் பெரும்பாலும் பொது நிதியில்தான் கைவைக்க வேண்டியிருக்கும். மாநகராட்சிக்கு அது தாங்கும். அதன் எல்லையில் இருக்கும் கிராம ஊராட்சியால் முடியாது. வீட்டு வரி வசூலே சொற்பம். நகரத்துக் குப்பை வந்து விழுவதும் அங்கேதான். இதில் நிலம் யாருடையது என்ற இழுபறி வேறு. ஏரி நீர்வளத் துறைக்கு, கரைமேல் சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு, புறம்போக்கு வருவாய்த் துறைக்கு, நாற்றம் மட்டும் ஊராட்சிக்கு. நிலம் யாருடையது என்று மூன்று துறையும் கூட்டாகக் கையெழுத்திட்ட நில ஆய்வு அறிக்கை இல்லாமல் நான் மதிப்பீட்டைத் தொடுவதில்லை.

அள்ளிய பிறகு அந்த இடத்தைப் பூட்ட வேண்டும். சுத்தமான காலி இடம் டிப்பர்காரருக்கு இன்னும் வசதி. மரக்கன்று நட்டு போட்டோ எடுப்பார்கள். முதல் வருடக் கன்று எந்த லாரியையும் தடுக்காது. வண்டி நுழையும் இடத்தில் ஒரு அகழி, இரும்புத் தடுப்பு, ஒரு விளக்கு. ஒட்டுமொத்தச் செலவில் இது சிறு தொகை. ஆனால் நிதி பற்றாது என்றால் முதலில் வெட்டுப்படுவது இதுதான்.

உங்கள் ஊரில் இப்படி வேலை நடக்கப்போகிறது என்றால் கிராம சபையில் கேளுங்கள். நகரம் என்றால் வார்டு கவுன்சிலர் மூலம் கேட்கலாம், அல்லது பத்து ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு போடலாம். மதிப்பீட்டின் நகல், சோதனைக் குழி அறிக்கை, காவல் நிலையப் புகாரின் எண், தடுப்புக்கான ஒதுக்கீடு. வேலை முடிந்தபின் எடைமேடை ரசீது, கூடவே குப்பையைப் பெற்றுக்கொண்ட ஆலையோ நிலையமோ கொடுத்த ரசீது. முதல் ரசீது மட்டும் இருந்து இரண்டாவது இல்லையென்றால், பில்லை நிறுத்தி வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள். மழையில் நனைந்த குப்பை எடை கூடும் என்பதால் ரசீதின் தேதியையும் ஒரு முறை பாருங்கள்.