பவர் இல்லாத லென்ஸ்தானே என்று கேட்பவர்களுக்கு

டிசம்பர் கடைசியில் சிவந்த கண்ணோடு என் கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் நான் காரணம் கேட்பதில்லை. இமையோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் கிளிட்டரே சொல்லிவிடுகிறது. கோலாலம்பூரில் காமிக் ஃபியஸ்டா என்கிற காமிக்ஸ், அனிமே ரசிகர் விழா முடிந்திருக்கும். 2002இல் தொடங்கி ஆண்டுக் கடைசியில் நடந்துவரும் அந்தக் கூட்டத்துக்கு நம் சுங்கை சிப்புட் பிள்ளைகளும் போகிறார்கள். ஈப்போவில் இ.டி.எஸ். ரயில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் கே.எல். சென்ட்ரல், அங்கிருந்து மாநாட்டு மையம். நாள் முழுக்க வேடத்தோடு நின்று படம் எடுத்துக்கொண்டு, இரவு ரயிலில் கண்ணுக்குள் போட்ட நிற லென்ஸைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டே ஊர் திரும்புகிறார்கள்.

கதைப் பாத்திரங்களைப்போல வேடமிடும் இந்தக் காஸ்பிளேயைத் திட்ட நான் உட்காரவில்லை. சுற்றுவட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த பிள்ளைகள் வீட்டு வாசலில் உட்கார்ந்து செய்யும் வேலையைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். பழைய யோகா பாயையும் ஈ.வி.ஏ. ஃபோமையும் வெட்டி, ஹீட் கன்னில் சூடுகாட்டி வளைத்து, காலணிக்குப் போடுகிற மஞ்சள் பசையால் ஒட்டிச் சாயம் பூசினால், இரும்புக் கவசம்தான் என்று சத்தியம் செய்யலாம். அதற்கு அளவெடுக்கும் முறை இன்னும் அழகு. உடம்பைச் சுற்றிப் பிளாஸ்டிக் தாளைக் கட்டி, மேலே டேப் ஒட்டி, கோடு போட்டுக் கத்தரித்து எடுத்தால் அதுவே மாதிரி. விக்குக்குத் தலைச் சுற்றளவு, பூட்சுக்குப் பாத நீளம், கைக்கவசத்துக்கு மணிக்கட்டின் சுற்றளவு. கொஞ்சம் கூடினாலும் பிரித்துவிட்டு மறுபடி செய்கிறார்கள். இத்தனையையும் அளந்து செய்கிற அதே பிள்ளை, கண்ணுக்குள் போடுவதை மட்டும் போனில் நிறம் பார்த்து 25 வெள்ளிக்கு வாங்கிவிடுகிறது. அளவு என்ன என்று கேட்டால் "ஃப்ரீ சைஸ்" என்கிறது. கண்ணுக்கு ஃப்ரீ சைஸ் கிடையாது, கண்ணே.

போன வாரம் வந்த பெண் கல்லூரியில் படிக்கிறாள். கடைக்குள் வந்த பிறகும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்ற முடியவில்லை, வெளிச்சம் பட்டால் அவ்வளவு கூச்சம். கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்பில் வைத்துப் பார்த்தால் இடது கருவிழியில், பாப்பா என்கிற நடுக் கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்திலேயே, வெள்ளையாக ஒரு புண். வலி தொடங்கி நாலு நாளாம். அதற்குள் வீட்டில் பன்னீர் விட்டாயிற்று, பக்கத்து வீட்டில் யாருக்கோ மிச்சமிருந்த சொட்டு மருந்தும் விட்டாயிற்று. கையோடு கடிதம் எழுதி ஈப்போ பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினேன். அங்கே புண்ணிலிருந்து சுரண்டி எடுத்துச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு, மணிக்கொரு தடவை, ராத்திரியிலும், சொட்டு மருந்து விடுகிறார்கள். புண் ஆறிவிடும். தழும்பு எவ்வளவு மிஞ்சும் என்பது இனிமேல்தான் தெரியும்.

கடையைவிட்டுக் கிளம்பும்போது அவள் கேட்டாள்: "பவர் இல்லாத லென்ஸ்தானே அக்கா, அதுவுமா இப்படிப் பண்ணும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. பெற்றோர் கேட்கிறார்கள், படித்தவர்கள் கேட்கிறார்கள். ஒருமுறை ஓர் ஆசிரியரும் கேட்டார். அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

பவர் என்பது லென்ஸ் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்கிற கணக்கு. வேறொன்றுமில்லை. மைனஸ் 3 லென்ஸும் பூஜ்ய லென்ஸும் உட்காருகிற இடம் ஒன்றுதான், தொடுகிற தோல் ஒன்றுதான், அடைக்கிற காற்றும் ஒன்றுதான். கிருமிக்குப் பெட்டியில் போட்டிருக்கும் பவரைப் படிக்கத் தெரியாது. பவர் இல்லை என்றால் "மருந்து இல்லாத மாத்திரை" என்பது போல நினைத்துக்கொள்கிறார்கள். லென்ஸ் கண்ணுக்குச் செய்கிற கெடுதல் எதுவும் பவர் வழியாக வருவதில்லை. பொருந்தாத வளைவு, ஆக்சிஜனை விடாத பிளாஸ்டிக், அழுக்குக் கை, தண்ணீர், தூக்கம், இவை வழியாகத்தான் வருகிறது. பவர் இல்லாத லென்ஸில் இவற்றில் எது குறைகிறது? ஒன்றும் குறைவதில்லை. சொல்லப்போனால் கூடுகிறது. பார்வைக்காக லென்ஸ் போடுகிறவர் சோதனைக்கு வந்திருப்பார், போடவும் கழற்றவும் கழுவவும் பழகியிருப்பார். அழகுக்காகப் போடுகிறவருக்கு யாரும் எதுவும் சொல்லித்தருவதில்லை.

கருவிழி என்று நான் சொல்வது கண்ணின் முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் படலத்தை. நடுவில் அதன் தடிமன் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். அதில் இரத்தக் குழாய் கிடையாது, இருந்தால் நமக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனில் பெரும்பகுதியை அது கண்ணீர் வழியாகக் காற்றிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. லென்ஸ் போட்டால் அந்த வழியில் ஒரு மூடி விழுகிறது. நல்ல லென்ஸ் ஆக்சிஜனை ஊடுருவ விடும். இமைக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்து, அடியில் புதுக் கண்ணீரையும் விடும். அந்த நகர்வு சரியாக இருக்க லென்ஸின் வளைவு கண்ணின் வளைவோடு ஒத்துப்போக வேண்டும். பெட்டியில் 8.6, 14.2 என்றெல்லாம் போட்டிருப்பார்களே, முதல் எண் வளைவு, இரண்டாவது அகலம், இரண்டும் மில்லிமீட்டரில். கண்ணைப் பெரிதாகக் காட்டும் லென்ஸ்கள் இன்னும் அகலம். வெள்ளை விழியையும் மூடி முழுக் கண்ணையும் கறுப்பாக்கும் ஸ்கிளீரா லென்ஸ் 22 மில்லிமீட்டர் வரை போகும். அகலம் கூடக்கூட அளவு இன்னும் கச்சிதமாக இருக்க வேண்டும். அதைத்தான் அளவே எடுக்காமல் வாங்குகிறார்கள்.

"ஆனா போட்டப்ப வலிக்கவே இல்லையே?" வலிக்காது. இறுக்கமான லென்ஸ் முதல் இரண்டு மூன்று மணி நேரம் சுகமாகத்தான் இருக்கும், ஏனென்றால் அது நகர்வதே இல்லை. தளர்ந்த லென்ஸ்தான் ஆரம்பத்திலேயே உறுத்தும். சுகமாக இருக்கிறது என்பதை வைத்துப் பொருத்தம் பார்க்க முடியாது. அதற்குத்தான் அளவு கருவியும் ஸ்லிட் லேம்பும் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

தொழிலில் பார்த்த இன்னொன்று. நிற லென்ஸுக்கு அளவெடுக்க வந்த பிள்ளைகளில் சிலருக்குக் கருவிழி கூம்புபோல முன்தள்ளத் தொடங்கியிருப்பது அப்போதுதான் தெரியவந்தது. கெரடோகோனஸ் என்போம். தெற்காசிய வம்சாவளியினரிடம் கூடுதலாகக் காணப்படும் நோய் இது. ஓயாமல் கண்ணைக் கசக்குவதும் இதற்கு வழிவிடும். சின்ன வயதில் எப்போதும் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்த பிள்ளைகளை நான் இரண்டு தடவை பார்ப்பதும் அதனால்தான். இவர்களுக்குக் கடையில் தொங்கும் எந்த லென்ஸும் பொருந்தாது. போனில் வாங்கியிருந்தால் இது தெரியாமலே போயிருக்கும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் காண்டாக்ட் லென்ஸ் கொடுக்க 1991ஆம் ஆண்டின் ஒப்டிகல் சட்டப்படி பதிவு பெற்று, அதற்கான தகுதியும் இருக்க வேண்டும். பவர் இல்லாததும் இதில் அடக்கம். கண்ணாடி விற்கும் எல்லாருக்கும் லென்ஸ் கொடுக்கும் அனுமதி கிடையாது. சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் படித்துப் பாருங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் போன் உறைக்குப் பக்கத்தில் தொங்குகிற லென்ஸுக்குச் சான்றிதழும் இல்லை, நாளைக்குக் கண் சிவந்தால் கேட்க ஆளும் இல்லை.

இந்த ஊரில் கருவிழிப் புண் புதிதல்ல. செம்பனை மட்டை வெட்டும்போது முள்ளோ தூசியோ கண்ணில் பட்டுப் பூஞ்சைப் புண்ணோடு வருகிற தோட்டத் தொழிலாளர்களை எங்கள் தொழிலில் எல்லாரும் பார்த்திருக்கிறோம். அது பிழைப்புக்காகப் பட்ட அடி. 25 வெள்ளி கொடுத்து அதே புண்ணை வாங்கிக்கொள்வதைத்தான் என்னால் பொறுக்க முடிவதில்லை. லென்ஸ் போடுகிறவர்களை அதிகம் தாக்குவது சூடோமோனாஸ் என்கிற பாக்டீரியா. நம்மைப் போன்ற வெப்ப நாடுகளில் அதற்குக் கொண்டாட்டம். மோசமாகப் போனால் ஓரிரு நாளிலேயே கருவிழியைக் கரைத்துவிடும்.

அடுத்தது தண்ணீர். மண்டபத்துக் கழிப்பறையில் நின்றுகொண்டு, கீழே விழுந்த லென்ஸைக் குழாயில் அலசி மறுபடி போடுகிறார்கள். குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதாக இருக்கலாம், லென்ஸுக்கு ஆகாது. அதில் அகாந்தமீபா என்கிற அமீபா இருக்கலாம். கருவிழிக்குள் போய்விட்டால் கூடு கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடும், மருந்து மாதக்கணக்கில் விட வேண்டிவரும். வலியோ சொல்லி முடியாது. உப்பும் கொதித்தாறிய நீரும் கலந்து வீட்டிலேயே லென்ஸ் தண்ணீர் தயாரிக்கும் காணொளியை ஒரு பையன் எனக்கே காட்டினான். 1980களில் அமெரிக்காவில் உப்பு மாத்திரையைக் கரைத்து இப்படிச் செய்துகொண்டவர்களிடம்தான் இந்த நோய் பரவலாகக் கண்டுபிடிக்கப்பட்டது. கடையில் வாங்கும் சலைன் என்கிற உப்புநீர் சுத்தமானது, ஆனால் அது கிருமியைக் கொல்லாது. லென்ஸை ஊற வைக்கத் தனிக் கரைசல் இருக்கிறது. சலைனைவிட விலை கூடுதல்தான். பரவாயில்லை, வாங்குங்கள்.

சரி, போட்டே தீருவேன் என்கிறவர்களுக்கு.

நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்னாலேயே வாருங்கள். முதல் நாள் சாயங்காலம் ஓடிவந்தால் நான் கொடுக்க மாட்டேன், கெஞ்சினாலும் சரி. ஒருநாள் போட்டு எறிகிற நிற லென்ஸ் இருக்கிறது, காஸ்பிளேக்கு அதுதான் நல்லது. மூக்குக் கண்ணாடி போடுகிறவர்களுக்குப் பவரோடும் கிடைக்கும். பவர் இல்லாததைப் போட்டுக்கொண்டு, நீளமான அங்கியோடு நகரும் படிக்கட்டில் தடவித் தடவி ஏற வேண்டாம். பாப்பாவையும் மறைக்கும் வெள்ளை வலை லென்ஸைப் போட்டால் பாதிப் பார்வைதான், படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள்.

விக்குக்கு ஸ்பிரே அடிக்கிற வேலையை முதலில் முடியுங்கள். அப்புறம் சோப்பில் கை கழுவி, நன்றாகத் துடைத்து, லென்ஸ் போட்டு, கடைசியாக முகப்பூச்சு. கழற்றும்போது லென்ஸ் முதலில், முகம் பிறகு. மண்டபத்துக் குளிரில் கண் காயும், லென்ஸுக்கு ஏற்ற சொட்டு நீரைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ரயில் ஏறுவதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள். தூங்கும்போது போட்டிருக்கவே கூடாது, அரை மணி நேரத் தூக்கமானாலும். தோழியோடு லென்ஸ் மாற்றிக்கொள்ளாதீர்கள், தயவுசெய்து. "அவ சுத்தமா இருப்பா அக்கா" என்பது பதிலில்லை. போன வருஷத்து லென்ஸ் டப்பாவில் பத்திரமாக இருக்கிறது என்றால் டப்பாவோடு தூக்கிப் போடுங்கள். இதெல்லாம் பெரிய தொல்லை என்று தோன்றினால் லென்ஸே வேண்டாம். கண் நிறத்தைப் படத்தில் போன் மாற்றிவிடும். அதில் ஒரு அவமானமும் இல்லை.

கைவேலைப் பக்கமும் ஒரு வார்த்தை. மோட்டார் கருவியில் ஃபோமைத் தேய்க்கும்போதும், பிளாஸ்டிக்கை அறுக்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மூக்குக் கண்ணாடி அதற்கு ஈடாகாது, பக்கவாட்டில் திறந்து கிடக்கும். சூப்பர் குளூவைக் கண் சொட்டு மருந்துக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். இரண்டும் ஒரே மாதிரி குட்டிப் புட்டி. அவசரத்தில் மாற்றி விட்டுக்கொள்வது உலகம் முழுக்க நடக்கிற விபத்து. பட்டுவிட்டால் இமையைப் பிய்த்துத் திறக்காதீர்கள், பஞ்சாலும் துடைக்காதீர்கள், அந்தப் பசை பஞ்சில் பட்டால் சூடேறும். வெதுவெதுப்பான நீரால் அலசிக்கொண்டே மருத்துவமனைக்குப் போங்கள்.

பெற்றோரிடம் கேட்டுக்கொள்வது வேறு. நாலு நாள் தாமதித்து வருகிற பிள்ளைகளில் பலருக்கும் முதல் நாளே வலி தெரியும். வீட்டில் சொன்னால் "வேஷம் கட்டிக்கிட்டு ஆடப் போனியே, நல்லா வேணும்" என்று திட்டு விழும் என்று மறைக்கிறார்கள். திட்டுவதைக் கண் ஆறிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கண் சிவந்து, வலியும் கூச்சமும் மங்கலும் இருந்தால், அல்லது கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், லென்ஸைக் கழற்றுங்கள். சரியாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி போட்டுப் பார்க்காதீர்கள். பன்னீர் வேண்டாம், தாய்ப்பால் வேண்டாம், சிவப்பை மறைக்கும் சொட்டு மருந்து வேண்டாம். பழைய மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு குறைந்ததுபோல் காட்டிவிட்டு உள்ளே புண்ணை வளர்க்கும். கழற்றிய லென்ஸையும் டப்பாவையும் கழுவாமல் அப்படியே கொண்டுபோங்கள், கிருமியைக் கண்டுபிடிக்க அதுவும் உதவும்.

ஞாயிற்றுக்கிழமை என் கடை மூடியிருக்கும், இந்த நிகழ்ச்சிகள் முடிவதும் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைதான். திங்கள் காலை வரை எனக்காகக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கு ராத்திரியே ஈப்போ பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய், லென்ஸ் போட்டிருந்தேன் என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.