சான்சல்: கிராதிக்கு அந்தப் பக்கம்

இங்கிலாந்தின் பழைய பங்குக் கோவில்களை, அதாவது ஊர்த் தேவாலயங்களை, பற்றி எதைப் படித்தாலும் சீக்கிரமே ‘சான்சல்’ வந்துவிடும். கோவிலின் கிழக்குக் கோடியில் பலிபீடம் இருக்கும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். மக்கள் கூடும் நீண்ட கூடம் ‘நேவ்’. இரண்டுக்கும் நடுவே ஒரு வளைவு. பல கோவில்களில் அந்த வளைவின் கீழே மரத்தடுப்பு ஒன்றும் உண்டு. குருமார் தடுப்புக்கு அந்தப் பக்கம், ஊர்மக்கள் இந்தப் பக்கம்.

சொல்லின் வேரில் புனிதம் எதுவும் இல்லை, வெறும் தடுப்புதான் இருக்கிறது. லத்தீனில் ‘கான்செல்லி’ என்றால் குறுக்கும் நெடுக்குமாகச் சட்டம் அடித்த கிராதி. ரோமானிய நீதிமன்றத்தில் நீதிபதிக்கும் கூட்டத்துக்கும் நடுவே இது நிற்கும். அதனருகே காவல் நின்ற சேவகன் ‘கான்செல்லாரியுஸ்’. அவன் பிறகு எழுத்தரானான், அரசனின் செயலரானான். இன்று பிரிட்டனின் நிதியமைச்சர், ஜெர்மனியின் அரசாங்கத் தலைவர், பல்கலைக்கழக வேந்தர் எல்லோரும் ‘சான்சலர்’தான். வாயிற்காவலனுக்கு இப்படியொரு பதவி உயர்வு வேறெங்கும் கிடைத்திருக்காது.

எழுதியதன் மேல் கிராதி போலக் குறுக்குக் கோடுகள் இழுத்து அடிப்பதுதான் ‘கேன்சல்’. தமிழிலும் ‘அழி’ என்ற சொல்லுக்குக் கிராதி என்று ஒரு பொருள் உண்டு. அழிக்கதவு என்றால் கம்பிக்கதவு. இது தற்செயல், உறவு தேட வேண்டாம். ‘கிராதி’யோ போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். பழைய கத்தோலிக்கக் குடும்பங்களில் கிராதியருகே முழந்தாளிட்டு நன்மை (நற்கருணை அப்பம்) வாங்கிய கதையை இன்னும் சொல்வார்கள். ஆக, தமிழ்க் கத்தோலிக்கக் கோவில்களுக்குள்ளும் இந்தப் பொருள் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

சரி, கட்டடத்துக்கு வருவோம். டர்ஹாம் மாவட்டத்து எஸ்கம் கோவில் ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நேவ் ஏறத்தாழ 43 அடி நீளம்; சான்சல் வெறும் பத்தடிச் சதுரம். இரண்டுக்கும் இடையே உயரமும் ஒடுக்கமுமாக ஒரு வளைவு. அருகிலிருந்த பின்செஸ்டர் ரோமானியக் கோட்டையின் கற்களைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்கள். வடக்குச் சுவரில் ஆறாம் லெஜியன் படையின் பெயர் பொறித்த கல் ஒன்று தலைகீழாக இருக்கிறது. வைத்த கொத்தனுக்கு அது எழுத்தாகவே தெரிந்திருக்காது போலும்.

அந்தப் பத்தடி அறை நூற்றாண்டுகள் செல்லச் செல்ல நீண்டது. தடுப்பும் வளர்ந்தது. அதன் மேல் சிலுவையில் தொங்கும் இயேசு, இருபுறமும் மரியாளும் யோவானும். சிலைகளுக்குக் கீழே ஆள் ஏறி நிற்கும் அளவுக்கு ஒரு மரப் பரண். நார்ஃபோக்கின் ரான்வர்த் ஊர்க் கோவிலில் பதினைந்தாம் நூற்றாண்டுத் தடுப்பு இன்றும் நிற்கிறது. அதன் பலகைகளில் புனிதர்கள் வரிசையாக நிற்கிறார்கள். அவர்களில் அதிதூதர் மிக்கேல் பல தலைகள் கொண்ட பறவைநாகத்தை வெட்டிக்கொண்டிருக்கிறார்.

புராட்டஸ்டன்ட் சீர்திருத்தம் வந்ததும் சிலைகள் இறங்கின. 1561இல் முதலாம் எலிசபெத்தின் ஆணை பரணைப் பிரிக்கச் சொன்னது, தடுப்பை மட்டும் விடச் சொன்னது. தடுப்பு பல ஊர்களில் பிழைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்புறம் 1636இல் நார்விச் பிஷப் மேத்யூ ரென் பலிபீடத்தின் முன் புதிதாகக் கிராதி போடச் சொன்னார். கம்பங்கள் நாய் நுழைய முடியாத அளவுக்கு நெருக்கமாக இருக்க வேண்டும் என்பது உத்தரவு.

இந்தக் கோடு கூரைச் செலவையும் பிரித்தது. நேவ் ஒழுகினால் ஊர்மக்கள் பொறுப்பு. சான்சல் ஒழுகினால், விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாக வருமானம் வாங்கும் ‘ரெக்டர்’ பொறுப்பு. பல ஊர்களில் அந்த வருமானத்தை மடங்களே வாங்கிவந்தன; மடங்கள் ஒழிக்கப்பட்டபோது அது தனியார் கைக்குப் போனது, பொறுப்பும் கூடவே போனது. ஷேக்ஸ்பியர் 1605இல் ஸ்ட்ராட்ஃபோர்டின் தசமபாகத்தில் ஒரு பங்கை 440 பவுண்டுக்கு வாங்கினார். 1616இல் அவரைப் புதைத்தது அவ்வூர்க் கோவிலின் சான்சலுக்குள். அந்த உரிமையைத் தந்தது நாடக நூல்களைவிடத் தசமபாகப் பங்குதான் என்பது பொதுவான கருத்து.

இனி சான்சலுக்கான தமிழ்ச்சொல். ‘கருவறை’ என்று போட்டுவிடுவது எளிது, ஆனால் பொருந்தாது. கருவறை சாமி இருக்கும் இருண்ட சிற்றறை. சான்சலோ பாடகர் இருக்கைகளும் பெரிய கிழக்குச் சன்னலும் கொண்ட வெளிச்சமான நீள்கூடம். திருவிவிலியத்தில் உள்ள ‘தூயகம்’ நல்ல சொல், ஆனால் அது பலிபீடத்தை ஒட்டிய இடத்துக்குத்தான் சரியாக நிற்கும்; சான்சல் முழுவதையும் தழுவாது. வேரைப் பிடித்துக்கொண்டு ‘கிராதியகம்’ என்றால் ஜெயில் மாதிரி ஒலிக்கிறது. நான் ‘பீடமண்டபம்’ என்றே எழுதுகிறேன். அர்த்தமண்டபம், மகாமண்டபம் என்று பழகிய காதுக்கு அது விளக்கமின்றிப் புரியும். நேவுக்குச் ‘சபைமண்டபம்’ என்று வைத்துக்கொண்டால் ‘பீடமண்டப வளைவு’, ‘பீடமண்டபத் தடுப்பு’ எல்லாம் சிரமமில்லாமல் வரும்.

இந்தச் சொல் சட்டத்திலும் தேவைப்படும். வார்விக்ஷயரின் ஆஸ்டன் கான்ட்லோ கோவில் வழக்கில், பண்ணை நிலம் வைத்திருந்த ஒரு தம்பதிதான் பீடமண்டபப் பழுதுச் செலவைத் தர வேண்டும் என்று, அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை 2003இல் தீர்ப்பளித்தது. அவர்களுடைய நிலத்தோடு ஒட்டிவந்த பழைய பொறுப்பு அது. தொகை லட்சம் பவுண்டைத் தாண்டியது. இங்கிலாந்தில் வீடு வாங்குகிறவர்கள் இப்படியொரு பொறுப்பு இருக்கிறதா என்று தேடிப் பார்ப்பதும் இதற்காகவே காப்பீடு எடுப்பதும் வழக்கமானது. 2013 அக்டோபர் 13க்குப் பிறகு, நிலப்பதிவேட்டில் குறிக்கப்படாத இந்தப் பொறுப்பு, அந்தத் தேதிக்குப் பின் விலை கொடுத்து வாங்குகிறவரைப் பொதுவாகக் கட்டுப்படுத்தாது.