டாக் வாங்கும் முன் இரைச்சலின் மூலத்தைத் தேடுங்கள்

வீடுகளில் ஆடியோ அமைப்புகளைப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் என் தொழில் என்பதால், "பாட்டு தெளிவாகக் கேட்கவில்லை, நல்ல டாக் ஒன்று சொல்லுங்கள்" என்று கேட்டு வருபவர்களை அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களிடம் ஏற்கெனவே டாக் இருக்கிறது என்பதைத்தான் முதலில் விளக்க வேண்டியிருக்கிறது. எண்களாகச் சேமிக்கப்பட்ட இசையை மின் அலையாக மாற்றும் டாக் (DAC) என்ற சிப் இல்லாமல் கைபேசியோ மடிக்கணினியோ தொலைக்காட்சியோ பாட முடியாது. ப்ளூடூத் ஹெட்ஃபோனில் அந்த சிப் ஹெட்ஃபோனுக்குள்ளேயே இருக்கிறது. ஆகவே ப்ளூடூத்தில் மட்டுமே கேட்பவர் கைபேசிக்குத் தனி டாக் வாங்குவது வீண் செலவு.

டிஜிட்டல் ஒலி படிக்கட்டு போல வெட்டுப்பட்டது என்று காட்டும் விளம்பரப் படங்கள் பலரையும் குழப்புகின்றன. 1982இல் விற்பனைக்கு வந்த சிடி, ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 65,536 நிலைகளில் ஒன்றாக (16 பிட்) குறிக்கிறது. அளக்கும் வேகத்தில் பாதிக்கும் குறைவான அதிர்வெண்கள் அனைத்தையும் அந்த அளவுகளிலிருந்து மீட்டெடுக்க முடியும் என்பது நிறுவப்பட்ட கணிதம். அதன்படி சிடியின் எல்லை 22,050 ஹெர்ட்ஸ், மனிதச் செவியின் எல்லையோ சுமார் 20,000 ஹெர்ட்ஸ். டாக்கில் உள்ள வடிகட்டி தேவையற்ற உயர் அதிர்வெண்களை நீக்கிவிடுவதால், வெளியே வருவது வழவழப்பான அலையே. 24 பிட் பதிவு ஒலிப்பதிவுக் கூடத்தில் மிகவும் பயனுள்ளது. மின்விசிறி ஓடும் வீட்டுக் கூடத்தில் 16 பிட் தரும் ஏறத்தாழ 96 டெசிபல் வீச்சே நமக்கு மிகுதி.

நான் பார்க்கும் பெரும்பாலான புகார்கள் இரைச்சல் பற்றியவை. மடிக்கணினியை ஆம்ப்ளிஃபயருடன் இணைத்ததும் ஸ்பீக்கரில் "ம்ம்ம்" என்ற உறுமல் கேட்டால், சார்ஜரைக் கழற்றி பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். உறுமல் உடனே நின்றால், பெரும்பாலும் சார்ஜர் வழியாகவும் ஆம்ப்ளிஃபயர் வழியாகவும் எர்த் இணைப்பு வளையமாகி, நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் சாயல் ஆடியோ கேபிளில் ஏறியிருக்கிறது என்று பொருள். விலை உயர்ந்த யுஎஸ்பி டாக் வாங்கினாலும் இது தீராமல் போகலாம், ஏனெனில் யுஎஸ்பி கேபிளிலும் எர்த் கம்பி தொடர்கிறது. ஆப்டிகல் கேபிளில் ஒளி மட்டுமே செல்வதால் அந்த வளையம் அறுந்துவிடும். தயவுசெய்து பிளக்கின் எர்த் பின்னை மட்டும் உடைத்துவிடாதீர்கள். அதனால் உறுமல் நிற்கக்கூடும், ஆனால் கருவிக்குள் மின்கசிவு ஏற்படும் நாளில் அதன் உலோக உடலைத் தொடுபவரின் உயிருக்கே ஆபத்து. சில வீடுகளில் அப்படி உடைக்கப்பட்ட பிளக்குகளைப் பார்த்திருப்பதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

தொலைக்காட்சியின் ஆப்டிகல் வழியாக டாக்கை இணைத்தும் சத்தமே வரவில்லையென்றால், ஒலி செட்டிங்கில் பிசிஎம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொலைக்காட்சி டால்பி வடிவத்தில் ஒலியை அனுப்பினால், அதைச் சாதாரண ஸ்டீரியோ டாக்கால் பிரித்தறிய முடியாது.

தனி டாக் உண்மையாகவே உதவும் இடங்களும் உண்டு. பழைய ஆம்ப்ளிஃபயரில் டிஜிட்டல் உள்ளீடு இல்லாதபோதும், கணினியின் ஹெட்ஃபோன் துளையில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் கீச்சொலி கேட்கும்போதும் அது தேவைதான். ஹெட்ஃபோனுக்காக வாங்குபவர்கள் டாக்கின் வெளியீட்டு மின்தடையைக் கவனிக்க வேண்டும். அது ஹெட்ஃபோனின் மின்தடையில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போனால், சில இயர்ஃபோன்களில் ஒலியின் தன்மையே மாறிவிடும்.

கடையில் இரண்டு டாக்குகளை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக்கச் சொல்லுங்கள். வீட்டு டாக் வழக்கமாக 2 வோல்ட் தரும், கைபேசியின் துளை தருவது பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சற்றே உரக்க ஒலிப்பதைத் தெளிவானது என்று நம் காது எடுத்துக்கொள்ளும். ஒரே சோதனைத் தொனியை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டர் வைத்து இரண்டையும் சமப்படுத்திய பிறகு, எது ஓடுகிறது என்று தெரியாமல் கேளுங்கள். வேறுபாடு புலப்படவில்லையென்றால், அந்தப் பணத்தில் நல்ல ஸ்பீக்கரும், கூடத்தின் எதிரொலியைக் குறைக்கும் கனத்த திரைச்சீலையும் வாங்கலாம்.