படிமின்னோடியின் மின்திறன் நுகர்வு

பெங்களூரு எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் 'நெமா 17 ஸ்டெப்பர் ஒண்ணு' என்று கேட்டால் போதும், எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். படிப்படியாகச் சுற்றும் அந்த மோட்டார் பீன்யா பட்டறைகளில் இருக்கும் நம்மவர்களுக்கும் ஸ்டெப்பர்தான். அது இழுக்கும் மின்சாரத்தை மட்டும் 'பவர்', 'கரண்ட்' என்று மாற்றி மாற்றிச் சொல்கிறோம். கணக்கு தப்புவது அங்கேதான்.

ஸ்டெப் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து வந்தது. அடி, படி என்று பொருள். மோட்டார் லத்தீன், நகர்த்துவது. மோட்டாருக்குத் தமிழில் மின்னோடி இருக்கிறது, முன்னோடி போல. பெரும்பாலான ஸ்டெப்பர்கள் ஒரு சுற்றை 200 படிகளாக, படிக்கு 1.8 பாகையாகச் சுற்றுகின்றன. எனவே படிமின்னோடி என்பதே சரி. 'படிநிலை மின்னோடி' என்றால் மேல்கீழ் வரிசை நினைவுக்கு வரும், வேண்டாம்.

பவர் என்பது திறன், அளவு வாட். மீட்டரில் ஏறும் யூனிட் ஆற்றல். அது கிலோவாட் மணி. கரண்ட் மின்னோட்டம், அளவு ஆம்பியர். வாட்டில் சொல்லும்போது 'மின்திறன் நுகர்வு' என்றே எழுதலாம். நெமா 17-இல் உள்ள எண் முகப்புத் தட்டின் அளவு, 1.7 அங்குலம். அதை வைத்துத் திறனைச் சொல்ல முடியாது.

மோட்டாரில் 1.5 ஆம்பியர் என்றும், உள்ளே இருக்கும் இரண்டு கம்பிச் சுருள்களில் ஒவ்வொன்றின் மின்தடை 2 ஓம் என்றும் போட்டிருக்கிறது, சப்ளை 24 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு சுருளுக்கும் 24 × 1.5 × 2 என்று பெருக்கி 72 வாட் என்பார்கள். தவறு. இப்போதைய டிரைவர்கள், அதாவது மோட்டாரை இயக்கும் மின்சுற்றுகள், மின்னழுத்தத்தை வெட்டி வெட்டிக் கொடுத்துச் சுருளின் மின்னோட்டத்தை 1.5-இல் நிறுத்துகின்றன. சுருளில் செலவாவது மின்னோட்டத்தின் வர்க்கம் பெருக்கல் மின்தடை: 1.5 × 1.5 × 2 = 4.5 வாட். இரண்டு சுருளும் முழு மின்னோட்டத்தில் இருந்தால் 9 வாட். சப்ளையிலிருந்து இழுப்பது அரை ஆம்பியருக்கும் குறைவு.

இது நின்றுகொண்டிருக்கும்போது ஆகும் செலவு. ஓடும்போது தண்டு செய்யும் வேலையைச் சேர்க்க வேண்டும். நிமிடத்துக்கு 300 சுற்றில் 0.3 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை கொடுத்தால் இன்னும் சுமார் 9.4 வாட். டிரைவரின் இழப்பு, இரும்பில் ஆகும் இழப்பு வேறு. அதனால் சப்ளை வாங்கும்போது தாராளமாகவே வாங்குங்கள்.

சும்மா நிற்கும் மோட்டார் கை வைக்க முடியாமல் சுடுவதும் சுருளில் ஆகும் இந்தச் செலவால்தான். பல டிரைவர்களில் நிற்கும்போது மின்னோட்டத்தைப் பாதியாக்கும் சுவிட்ச் உண்டு. பாதியானால் சுருளின் வெப்பம் கால்வாசியாகும். பிடிப்பும் குறையும் என்பதால், எடையைச் செங்குத்தாகத் தூக்கி நிற்கும் அச்சில் அந்தச் சுவிட்சைப் போடும் முன், எடை கீழே இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.